முறையீட்டுக்கு ஏற்ற இலக்கணம்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியின் மேல்வகுப்புகளில் கற்பிக்கப்படும் இலக்கணப் பகுதிகளுள், கைகூடாத விருப்பத்தையும் கடந்துபோனதைக் குறித்த பச்சாத்தாபத்தையும் பிறர் நடத்தையைப் பற்றிய குறையையும் சொல்லுகிற வாக்கிய வகைகளைப் போல, இவ்வளவு எளிதாக மதிப்பெண் வாங்கித் தருவதும், தேர்வு முடிந்த மறுநாளே இவ்வளவு முழுமையாக மறக்கப்படுவதும் வேறொன்று இல்லை எனலாம். 'ஐ விஷ்' என்று தொடங்கினால் பின்வரும் வினை இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். 'இஃப்' பாதியில் 'ஹேட்' வந்தால் மறுபாதியில் 'வுட் ஹேவ்' வர வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புக. இவ்வளவோடு பாடம் முடிந்துவிடுகிறது. விருப்பமும் வருத்தமும் முறையீடும் ஒரு மனிதனுடைய வாழ்வில் எந்தச் சந்தர்ப்பத்தில் எழுகின்றன, அவற்றுள் எது கேட்பவரிடத்தில் ஒரு கடமையை உண்டாக்கும், எது உண்டாக்காது என்ற விசாரணைக்கு அந்தப் பாடத்தில் இடமே கிடையாது. அந்த விசாரணைதான் பாடத்தின் உயிர் என்பதும், அதை விட்டுவிட்டுக் கற்பிப்பதனால் நஷ்டமடைகிறவர்கள் கல்லூரி முடித்துக் குளிர்சாதன அறையில் அமர்கிறவர்களைக் காட்டிலும் இயந்திரத்தின் முன் நிற்கிற பிள்ளைகளே என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

நான் வசிக்கும் பிரதேசத்தை வைத்தே இதைச் சொல்லுகிறேன். 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட திருவள்ளூரில், வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும், மாவட்டத் தலைநகரை ஒட்டினாற்போல் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் அமைந்த பிறகு, ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சான்றிதழையோ டிப்ளமோவையோ கையில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களாக மாறிவிட்டார்கள். அவர்கள் வாயில் வழங்கும் தொழில்மொழி தமிழ்தான். ஆனால் அவர்கள் கையில் வந்துசேரும் காகிதங்கள், வேலை நியமனக் கடிதம் முதல் சம்பளச் சீட்டு வரையிலும், தவறு நேர்ந்தால் நீட்டப்படும் மெமோ வரையிலும், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. மேலிருந்து ஆங்கிலத்தில் இறங்கி வருவதற்குக் கீழிருந்தும் ஆங்கிலத்திலேதான் பதில் ஏற வேண்டும் என்று யாரும் சட்டம் போடாவிட்டாலும், அப்படி ஒரு சம்பிரதாயம் தானாகவே படிந்துவிட்டது. ஹெச்.ஆர். அறைக்குப் போகும் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு என்று அந்தப் பிள்ளைகள் மனதார நம்புகிறார்கள்.

அப்படி ஒரு பிள்ளை, பவர் பிரஸ் ஓட்டுகிறவன், எழுதிய கடிதத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். தகட்டைக் கையால் டையின் மேல் வைத்து அழுத்தும் அந்த வகை இயந்திரத்தின் முன்னால், கண்ணுக்குப் புலப்படாத ஒளிவேலி ஒன்றைச் சென்சார் அமைத்துக் காக்கும். கை குறுக்கே போனால் மேலிருந்து இறங்கும் ராம் நின்றுவிடும். அவனுடைய இயந்திரத்தில் அந்தச் சென்சார் பழுதாகிவிட்டது. உற்பத்தி நிற்கக் கூடாதென்று அதன் இணைப்பை 'பைபாஸ்' செய்துவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ரெஸ்பெக்டட் சார், ஐ விஷ் தி சென்சார் வில் வொர்க் ப்ராப்பர்லி. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.' இலக்கண உபாத்தியாயர் யாரும் 'வில்' என்பதை அடித்து, வினையை இறந்தகாலமாக்கி, கடிதம் சரியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வாக்கியம் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பெறும் மேலாளர், சென்சார் வேலை செய்தால் நன்றாயிருக்குமென்று ஒரு தொழிலாளி ஆசைப்படுகிறார் என்பதைத் தவிர வேறு எதையும் அதிலிருந்து அறிய முடியாது. எந்த இயந்திரம், எந்த நாளிலிருந்து, யார் சொல்லி ஓடுகிறது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. "தம்பி, ஆசையை எழுதாதே, நடந்ததை எழுது" என்றேன். "அப்படியே எழுதினா மரியாதையில்லாத மாதிரி ஆயிடும் சார், அதான் விஷ் போட்டேன்" என்றான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நம் ஆங்கிலக் கல்வியின் குறை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவன் 'வில்' போட்டது அறியாமையினால் நேர்ந்தது என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. ஆங்கிலம், இல்லாததைப் பற்றிப் பேசும்போது வினையின் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. இன்று இல்லாததை இறந்தகாலத்தாலும், அன்று நிகழாததை அதற்கும் முற்பட்ட இறந்தகாலத்தாலும் சொல்லுகிறது. அங்கே அந்த இறந்தகாலம் உணர்த்துவது, பேசப்படும் பொருள் உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதையே. தமிழிலோ 'வேலை செய்தால் நன்றாயிருக்கும்' என்கிறோம். 'செய்தால்' என்பது இன்றைக்கும் நாளைக்கும் பொதுவாக நிற்க, முடிக்கும் வினை எதிர்காலமாகிறது. அந்த எதிர்காலத்தின் நிழல்தான் அவன் எழுதிய 'வில்'. 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பதில் இரு பாதியிலும் 'இரு' என்ற துணைவினை நிற்பதனால், நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் இரு பாதியிலும் 'வுட் ஹேவ்' என்று எழுதிவிடுகிறார்கள். தாய்மொழியின் நியாயத்தை எடுத்துக்காட்டி, ஆங்கிலத்தின் நியாயம் எங்கே பிரிகிறது என்று விளக்கினால் அரை மணி நேரத்தில் தெளிவாகக்கூடிய இந்த விஷயத்தை, சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைத்து ஆண்டுக்கணக்கில் குழப்புகிறோம்.

இலக்கண நூல்கள் 'ஐ விஷ் யூ வுட்' என்ற வகையைக் குறை கூறும் வாக்கியம் என்ற தலைப்பில் வைப்பதை நான் முற்றிலும் ஏற்க மாட்டேன். ஒருவர் மனம் வைத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய பழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்ற சலிப்பில் எழும் வாக்கியம் அது. 'கொஞ்சம் சீக்கிரம் வரக் கூடாதா' என்று வீட்டில் நாம் சொல்லுவதற்கு அது ஈடு. உறவினரிடத்திலும் நண்பரிடத்திலும் அதற்கு அழகு உண்டு. அன்பினால் கட்டுப்பட்டவர்கள் அந்தச் சலிப்பைக் கேட்டே திருந்துவார்கள். அத்தகைய கட்டுப்பாடு இல்லாத இடத்தில், சம்பளம் கொடுப்பவரிடத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ, அந்த வாக்கியம் கேட்பவருக்கு எந்தக் கடமையையும் உண்டாக்காமல் காற்றில் கரைந்துவிடும்.

இந்தப் பாகுபாடு நம்மவர்களுக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியர் இடையியலில் 'தில்' என்ற சொல்லுக்கு விழைவு, காலம், ஒழியிசை என்றும், 'மன்' என்ற சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்றும் மும்மூன்று பொருள்களை வகுத்தார். விருப்பத்துக்கு ஒன்றும் கழிந்ததற்கு இரங்குவதற்கு ஒன்றுமாகத் தனி இடைச்சொற்களையே வைத்திருந்த மொழி நம்முடையது. அதியமானை இழந்த ஔவையார் பாடிய புறநானூற்றின் 235-ஆம் பாட்டில் 'மன்' மீண்டும் மீண்டும் வந்து, இனி இல்லாத கொடையை நம் கண்முன் நிறுத்துவதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் நான் இங்கே வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது, இரண்டு சொற்களுக்கும் பொதுவாக அவர் வைத்த அந்த மூன்றாவது பொருளை. ஒழியிசை என்பது சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ளும்படி நிற்பது. விருப்பமும் இரக்கமும் பேசுகிறவன் பாதியைச் சொல்லி நிறுத்துவான். மீதியைக் கேட்பவரின் உள்ளம் இட்டு நிரப்ப வேண்டும். கவிதைக்கு அது பெருஞ்செல்வம். முறையீட்டுக்கு அதுவே நாசம். ஏனென்றால் நிரப்ப மனமில்லாதவர் முன்னிலையில்தான் முறையீடு பிறக்கிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் பொதுவாழ்வே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு முறையீட்டிலிருந்து தொடங்கிற்று என்றால் மிகையாகாது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிகள் சங்கம் 1852-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், வரிச் சுமையையும், வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையையும் எடுத்துரைத்திருந்தார்கள். அந்தக் குரல் லண்டன் வரையில் எட்டியதன் பயனாகப் பார்லிமெண்டு உறுப்பினர் ஒருவர் இங்கே வந்து நேரில் பார்த்துச் சென்றார். 1854-இல் சித்திரவதை விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. மறு ஆண்டில் அதன் அறிக்கை வெளியாகிக் கொடுமை உண்மையென்று நிலைநாட்டப்பட்டது. அந்தக் குழுவின் முன் முறையிட நெடுந்தூரம் நடந்து வந்த ஏழைக் குடியானவர்களுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. அவர்கள் தம் பாஷையில் சொன்னது பதிவு செய்யப்பட்டது; பதிவானதனால் பயன்பட்டது.

அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, இன்றைக்குத் திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் அதே பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகள் சங்கமாக உருவெடுத்தன. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குச் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் அடிகோலினார்கள்; பி.பி. வாடியா தலைமை தாங்கினார்; திரு.வி.க. உடன் நின்றார். நண்பகலில் சோறு உண்ண விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது அவர்கள் முதலில் எடுத்துச் சொன்ன குறைகளுள் ஒன்று. அதில் இருந்த பலம், இவ்வளவு நிமிஷம் கொடுக்கிறீர்கள், அது போதவில்லை, இன்னும் இவ்வளவு வேண்டும் என்று அளவோடு சொன்னதில் இருந்தது. ஆங்கிலத்தில் வாடியாவும், தமிழில் திரு.வி.க.வும் பேசிய விஷயம் ஒன்றே. பெருமூச்சை அளவாக மாற்றித் தரும் மனிதர்கள் அந்தத் தொழிலாளர்களுக்கு வாய்த்தார்கள். சங்கம் இல்லாத சிறு பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் புகுந்திருக்கும் இன்றைய பிள்ளைக்கு அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை; அவனே தனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

எழுதாமற்போனால் என்ன ஆகும் என்பதை இந்தப் பிரதேசத்தார் அறிவார்கள். 2024 மே மாத இறுதியில் காக்களூர் சிட்கோவில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து உயிர்கள் மாண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் காக்களூர் ஆவின் பால் பண்ணையில் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அந்தத் துயரங்களின் காரணத்தைத் தீர்மானிப்பது விசாரணை செய்தவர்களின் வேலை; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவற்றுக்குப் பிறகு தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் வழங்கிய பேச்சு முழுவதும், 'அப்படி இருந்திருந்தால்', 'முன்னாலேயே பார்த்திருந்தால்', 'அன்றைக்கு லீவு போட்டிருந்தால்' என்று, ஆங்கில இலக்கணக்காரர் மூன்றாம் வகை நிபந்தனை என்று சொல்லும் வாக்கியங்களாகவே இருந்ததைக் கேட்டேன். துக்கத்தில் இந்த வாக்கியம் ஆறுதல் தேடும் வாக்கியம். அதுவே விசாரணை அதிகாரியின் பேனாவில் ஏறும்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாகிறது: காப்பு பொருத்தப்பட்டிருந்தால் கை உள்ளே போயிருக்காது என்ற ஒரு வாக்கியத்தை உறுதி செய்துவிட்டால், பொருத்தாதவர் யார் என்ற கேள்வி தானே எழுந்துவிடும்.

அதற்கும் முந்திய நிலை ஒன்று உண்டு. பெரிய தொழிற்சாலைகளில் 'நியர் மிஸ்' என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். நேர இருந்து நேராமற்போன விபத்தை அதில் எழுத வேண்டும். மேலே பாரம் தூக்கும் கிரேனின் கொக்கி நழுவிற்று, கீழே ஆள் இல்லை. ஆள் இருந்திருந்தால் உயிர் போயிருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு தொழிலாளி அன்றைக்கே எழுதி வைப்பானாகில், அடுத்த முறை கீழே ஆள் நிற்கும்போது கொக்கி புதியதாக இருக்கும். நிகழாததைப் பற்றிய இலக்கணம் உயிரைக் காக்கும் இலக்கணமாக மாறுவது இங்கேதான். போபாலில் 1984 டிசம்பரில் நேர்ந்த பேரழிவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் அந்தத் தொழிற்சாலையால் ஊருக்கு நேரக்கூடிய ஆபத்தைக் குறித்துத் தம் ஹிந்தி வாரப் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார், கேட்பார் இல்லை. அந்த அழிவுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், அபாயகரமான தொழிலில் உடனடி ஆபத்து நேரக்கூடும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர்கள் அதை நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம் என்ற உரிமை 41-எச் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றி முறையிடச் சட்டமே கதவு திறந்தது. அந்தக் கதவைத் தட்டுவதற்குரிய வாக்கியத்தை யார் கற்றுக் கொடுத்தார்கள்?

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் அந்தத் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-ஆவது பிரிவில் விதித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அந்தந்தப் பிரதேசத்தின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க இடம் தருவதோடு, எழுத இயலாதவர் வாயால் சொன்னதை எழுத்தில் கொண்டுவர அதிகாரியே உதவ வேண்டும் என்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பவம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, எழுத முடியாத பெண்ணுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்றும் சேர்த்திருக்கிறது. இவற்றைச் செய்தவர்கள் முறையீட்டின் பலம் மொழிநடையில் இல்லை, பதிவில் இருக்கிறது என்பதை உணர்ந்தே செய்தார்கள். 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டங்களின்படி அமையும் குறைதீர்ப்புக் குழுக்களும் இதே வழியில் நடக்க வேண்டும். பெரும்பான்மையோரின் மொழி என்று மட்டும் வைத்தால் போதாது என்பது என் எண்ணம். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, பத்துப் பேர் ஓர் அறையில் தங்கி, நம் பிள்ளைகளோடு ஒரே ஷிஃப்ட்டில் நிற்கிற இளைஞர்களுக்கு நம் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்கள் சொல்லுவதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அப்படியானால் ஆங்கிலத்தில் இந்த வாக்கியங்களைக் கற்பிப்பதே வேண்டாமா என்று கேட்கலாம். நன்றாக, இப்போதைக் காட்டிலும் நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கட்சி. தமிழில் முறையிட உரிமை இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆங்கிலத்தில் வந்த மெமோவுக்கு ஆங்கிலத்திலேயே பதில் எழுத முடிவது மற்றொரு பாதுகாப்பு. இரண்டில் ஒன்றை ஏழைப் பிள்ளைக்கு மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் கற்பிக்கும் வரிசை மாற வேண்டும். ஒரே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதை நண்பனிடம் ஆசையாகவும், விசாரணையில் காரணமாகவும், மேலாளரிடம் முறையீடாகவும் சொல்லும்படி மாணவனைப் பழக்கினால், மூன்றுக்கும் வினை எப்படி மாறுகிறது என்பது அவனுக்குத் தானே விளங்கும். முறையீட்டில் 'விஷ்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை; இன்ன நாளிலிருந்து இன்றுவரை நீடிக்கிறது என்று காட்டும் 'ஹாஸ் நாட்', 'சின்ஸ்' என்ற பிரயோகங்களே அங்கே தூண்கள் என்பதும், மரியாதையைத் தாங்க 'ப்ளீஸ்' என்ற ஒரு சொல்லே போதும், அதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்பதும் அவனுக்குப் பதினைந்து வயதிலேயே தெரிந்துவிடும். என்னிடம் வந்த பிள்ளை கடைசியில் எடுத்துச் சென்ற கடிதம், 'தி சென்சார் ஆன் பிரஸ் நம்பர் ஃபோர் ஹாஸ் நாட் வொர்க்டு சின்ஸ் மண்டே. ப்ளீஸ் ஸ்டாப் தி பிரஸ் அண்டில் இட் இஸ் ரிப்பேர்ட்' என்று இரண்டே வாக்கியங்கள் கொண்டது. அதன் கீழே அதையே தமிழிலும் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, நகல் ஒன்று தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பாடநூல் எழுதும் குழுவினரும் ஐ.டி.ஐ.க்களில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களும் இதை மேற்கொள்ளப் புதிய நிதியோ புதிய ஸ்தாபனமோ தேவையில்லை. வினாத்தாளில் கோடிட்ட இடங்கள் ஐந்தை எடுத்துவிட்டு, இயந்திரம் ஒன்றில் காப்பு கழன்று மூன்று நாளாகிறது, மேலாளருக்கு நான்கு வரியில் எழுதுக என்று ஒரு வினாவை வைக்கலாம். விடையைத் திருத்துகிறவர்களுக்குத் தரும் குறிப்பில், வினையின் காலம் பிழைத்ததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தால், தேதியும் இயந்திரத்தின் எண்ணும் விடுபட்டதற்கு இரண்டு குறைக்கும்படி எழுதி அனுப்ப வேண்டும்.